கொழும்பிலிருந்து ஹிரிகெட்டிய: ஒரு குடா, ஒரு களப்பு, ஒரே நாள்

வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டி, கல்லில் நின்று கால் நனைப்பதுதான் நம்மில் பலருக்குக் கடல். திக்வெல்லவுக்குப் பக்கத்தில் உள்ள ஹிரிகெட்டிய அப்படியில்லை. தென்னைகள் சூழ்ந்த, குதிரை லாடம் போன்ற சின்னக் குடா.

முதலில் நாளைத் தெரிவு செய்யுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். மே தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். வார இறுதியும் போயா எனும் பௌர்ணமி விடுமுறையும் வேண்டாம். ஒரு ஞாயிறு மத்தியானம் போய், துவாய் விரிக்க இடமில்லாமல் நின்றிருக்கிறேன்.

விடியுமுன் கிளம்பி, 138 பஸ்ஸில் கொட்டாவ மகும்புர பஸ் நிலையத்துக்குப் போங்கள். அங்கே அதிவேக நெடுஞ்சாலை பஸ் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மாத்தறை. பிறகு தங்காலை பஸ்ஸில் ஏறி திக்வெல்லவில் இறங்குங்கள். மிச்சம் இரண்டு கிலோமீற்றர் அளவுதான், ஓட்டோவில் போகலாம். கூலியை ஏறுமுன் பேசிவிடுங்கள். பெலியத்த வரை கரையோர ரயிலும் ஓடுகிறது, 2019இல் நீட்டிய பாதை. அழகான பயணம், ஆனால் பாதி நாளைத் தின்றுவிடும்.

சரி, குடாவுக்கு வந்தாயிற்று. உடனே குதிக்காதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து அலையைப் பாருங்கள். இரு ஓரமும் பாறை; நடுவில்தான் மணலடி, குளிக்க அதுவே நல்லது. அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் ஏமாறாதீர்கள்: கரையேறிய தண்ணீர் திரும்பிப் போகும் வழி பெரும்பாலும் அதுதான். அந்த நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். அலைச்சறுக்குப் பலகைகள் வரும் பாதையிலும் நிற்காதீர்கள், தலையில் பட்டால் நல்ல அடி.

வெயில் ஏறியதும் சோற்றுப் பார்சலைத் தென்னை நிழலில் முடித்துவிட்டு, கிழக்கே மாவெல்லவுக்கு ஓட்டோ பிடியுங்கள். நீளமான கடற்கரை, பின்னால் களப்பு. களப்பில் பறவை பார்க்க வேண்டும், குளிக்க வேண்டாம். தெற்குக் களப்புகள் பலவற்றின் வாயை மணல்மேடு அடைத்திருக்கும். மழையில் அது உடைந்தால் நீர் பாயும் வேகம் கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

வழியில் குடாவெல்ல ஹும்மானயவையும் எட்டிப் பார்க்கலாம். பாறைப் பிளவு வழியே கடல் பீறிட்டு எழும் இடம். என்ன வேடிக்கையென்றால், நாம் தவிர்த்த அந்தப் பருவக்காற்றுக் காலத்தில்தான் அது உயரமாகப் பாயும்.

அப்புறம், மாத்தறையில் இறங்கும்போதே கடைசி மகும்புர பஸ் எத்தனை மணிக்கென்று கேட்டு வையுங்கள்.