தரவை இழக்காமல் இரண்டு டிஸ்க் மிரரை மூன்று டிஸ்க் ரெய்டு 5 ஆக மாற்றுவது எப்படி?

இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகளை மிரராக, அதாவது ஒரே தரவை இரண்டிலும் எழுதுகிற ரெய்டு 1 ஆக வைத்திருக்கிறீர்கள். (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் முறைதான் ரெய்டு.) இடம் நிரம்பிக்கொண்டு வருகிறது. அதே அளவில் மூன்றாவது டிஸ்க் ஒன்று கைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் வேறெங்காவது எடுத்து வைத்து, பழையதை அழித்து, புதிதாக ரெய்டு அமைத்துத் திரும்ப ஏற்றுவது ஒரு வழி. ஆனால் லினக்ஸில் அழிக்காமலேயே, ஃபைல்கள் உள்ளே இருக்கும்போதே, அந்த மிரரை மூன்று டிஸ்க் ரெய்டு 5 ஆக வளர்த்துவிடலாம். 4 டெராபைட் இடம் 8 ஆகும். ஏதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு பிழைக்கும்.

முதல் முறை செய்கிறவருக்குக் கொஞ்சம் பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. எந்த இடம் வரை பின்வாங்கலாம், எந்த இடத்தைத் தாண்டினால் எளிதில் முடியாது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அதனால் ஒவ்வொரு அடியிலும் அதைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில், ரூட் அனுமதியோடு தட்ட வேண்டும். முக்கியமான கருவியின் பெயர் எம்டிஏடிஎம்: ஐந்து எழுத்து, இடைவெளி இல்லாமல். ரெய்டின் பெயர் எம்டி0, பழைய டிஸ்க்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி, புதியது எஸ்டிசி என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கணினியில் பெயர்கள் வேறாக இருக்கும்.

இன்னொன்று: இது தரவு மட்டும் இருக்கிற ரெய்டுக்கான விளக்கம். கணினி பூட் ஆவதே அந்த ரெய்டிலிருந்துதான் என்றால் பூட்லோடர் (கணினியைத் தொடங்கி வைக்கும் நிரல்) பற்றிய கவலைகள் தனியாகச் சேரும். முதல் முயற்சியை அதில் செய்யாதீர்கள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது?

ரெய்டு 5 ஒவ்வொரு வரிசையிலும் ஒரு துண்டைப் பேரிட்டிக்கு ஒதுக்குகிறது. மற்ற துண்டுகளை எக்ஸ்ஓஆர் (பிட்டுகள் வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0 தரும் கணக்கு) செய்தால் கிடைப்பதுதான் பேரிட்டி. மூன்று டிஸ்க் இருந்தால் இரண்டு துண்டு தரவு, ஒரு துண்டு பேரிட்டி. சரி, இரண்டே டிஸ்க்கில் ரெய்டு 5 இருந்தால்? ஒரு துண்டு தரவு, ஒரு துண்டு பேரிட்டி. ஒரே ஒரு துண்டை வைத்து எக்ஸ்ஓஆர் கணக்குப் போட்டால் விடை அந்தத் துண்டேதான். அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம்தான் எழுதியிருக்கும். மிரரிலும் அதே கதைதானே!

எனவே ரெய்டு 1 ஐ இரண்டு டிஸ்க் ரெய்டு 5 ஆக மாற்றும்போது தரவில் ஒரு பைட்டும் நகர்வதில்லை. டிஸ்க்கில் ஒரு ஓரத்தில் இருக்கிற சூப்பர்பிளாக்கில் ‘இது ரெய்டு 5’ என்று குறிப்பு மாறுகிறது, அவ்வளவுதான். நொடியில் முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அப்படியே ரெய்டு 1 க்குத் திரும்பவும் முடியும். நிஜமாகத் தரவு இடம் பெயர்வது மூன்றாவது டிஸ்க்கை உள்ளே இழுக்கும்போதுதான். அதற்கு ரீஷேப் என்று பெயர். எளிதில் பின்வாங்க முடியாத எல்லைக்கோடும் அதுதான்.

ரெய்டு நிலைகளை இப்படி மாற்றும் வசதி லினக்ஸ் கர்னலில் வந்தது 2009 இல். இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கிற எந்த லினக்ஸ் விநியோகத்திலும் அது இருக்கும்.

முதலில் பேக்கப்

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த ஃபைல் மிரரின் இரண்டு பக்கத்திலும் ஒரே நொடியில் அழிந்துபோகும். இந்த வேலைக்கு முன்னால், போனால் திரும்பக் கிடைக்காத எல்லாவற்றையும் இந்த ரெய்டுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். எடுத்த நகலிலிருந்து நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள்.

கூடவே செக்சம் (ஃபைல் மாறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவும் அடையாள எண்) பட்டியல் ஒன்று எடுத்து வைத்தால் பிற்பாடு மனநிம்மதி. ரெய்டு மவுண்ட் ஆகியிருக்கிற ஃபோல்டருக்குள் போய்:

ஃபைண்ட் . -டைப் எஃப் -எக்ஸெக் எஸ்எச்ஏ256சம் {} + > /ரூட்/பட்டியல்.டிஎக்ஸ்டி

பட்டியலை ரெய்டுக்கு வெளியே வைப்பது முக்கியம்.

பழைய டிஸ்க்குகளின் உடல்நிலை

அவசரப்படுகிறவர்கள் தாண்டிப்போவது இந்த அடியைத்தான். ரீஷேப் நடக்கும்போது தரவு இருக்கிற ஒவ்வொரு மூலையும் படிக்கப்படும். வருடக்கணக்காக யாரும் தொடாத பகுதியில் ஒரு கெட்ட செக்டர் ஒளிந்திருந்தால் அது தலைகாட்டப்போவது வேலையின் நடுவில்தான். அதை இப்போதே வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ

மூன்று டிஸ்க்கிலும் இதை ஓட்டுங்கள், புதியதிலும்தான். வருகிற அட்டவணையில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். முதலாவது, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் காத்திருப்பவை. மூன்றாவது, சரிசெய்ய முடியாதவை. கடைசி நெடுவரிசையில் மூன்றுக்கும் பூஜ்யம் இருந்தால் நல்லது. 197 இல் ஒன்று இருந்தால்கூட நான் அந்த டிஸ்க்கை முதலில் மாற்றுவேன், விரிவாக்கத்தை அப்புறம் பார்ப்பேன்.

அடுத்து மிரர் முழுவதையும் ஒருமுறை ஒப்பிட வேண்டும்:

எக்கோ செக் > /சிஸ்/பிளாக்/எம்டி0/எம்டி/சிங்க்_ஆக்ஷன்

இது பல மணி நேரம் ஓடும். முடிந்த பிறகு அதே ஃபோல்டரில் மிஸ்மேட்ச்_சிஎன்டி என்ற ஃபைலைப் பாருங்கள். பூஜ்யம் இருந்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றன. இல்லையென்றால், அதே கட்டளையில் செக் என்பதற்குப் பதில் ரிப்பேர் என்று கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு மேலே போங்கள். மிரரில் இருக்கிற வேறுபாடு, நிலை மாறியதும் தவறான பேரிட்டியாக ஆகிவிடும். பின்னொரு நாள் ஒரு டிஸ்க் செத்து, அந்தப் பேரிட்டியை நம்பித் தரவைக் கணக்கிட வேண்டிவந்தால் கிடைப்பது குப்பைதான்.

ஃபைல்களை டிஸ்க்காக வைத்து ஒரு ஒத்திகை

இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கால் மணி நேர வேலை, உங்கள் தரவுக்குத் துளியும் ஆபத்தில்லை. லினக்ஸில் ஒரு சாதாரண ஃபைலையே டிஸ்க் போல நடிக்க வைக்கலாம்.

ட்ரங்கேட் -எஸ் 500எம் ஒன்று.ஐஎம்ஜி

லூசெட்அப் -எஃப் --ஷோ ஒன்று.ஐஎம்ஜி

(லூசெட்அப் என்பதை எல், ஓ, எஸ், இ, டி, யு, பி என்று தட்ட வேண்டும், ஓ ஒன்றுதான்.) இரண்டாவது கட்டளை /டெவ்/லூப்5 என்பது போல ஒரு பெயரைத் திருப்பித் தரும். இப்படி மூன்று செய்துகொள்ளுங்கள். எனக்கு லூப்5, லூப்6, லூப்7 கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அப்புறம்:

எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி9 --லெவல்=1 --ரெய்டு-டிவைசஸ்=2 /டெவ்/லூப்5 /டெவ்/லூப்6

அதன்மேல் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போட்டு, மவுண்ட் செய்து, கொஞ்சம் படங்களை நகலெடுத்து, கீழே வருகிற எல்லா அடிகளையும் இந்த எம்டி9 இல் செய்து பாருங்கள். திரையில் வருகிற செய்திகள் கண்ணுக்குப் பழகும். நடுவில் ஒரு லூப்பை வேண்டுமென்றே --ஃபெயில் செய்து, தரவு இன்னும் படிக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ரெய்டு 5 மேல் எனக்கு நம்பிக்கை வந்தது எந்த விளக்கத்தையும் படித்து அல்ல, இப்படி உடைத்துப் பார்த்தபோதுதான்.

புதிய டிஸ்க்கைத் தயார் செய்தல்

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிலையானவை அல்ல. மறுமுறை பூட் செய்யும்போதே மாறலாம். நான் ஒருமுறை முந்தைய நாள் எழுதி வைத்த பெயரை நம்பித் தட்டப்போய், என்டர் அழுத்தும் முன் சீரியல் எண்ணைப் பார்த்ததால் தப்பித்தேன். புதிய டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கிற சீரியல் எண்ணைத் திரையில் வருவதோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

புதிய டிஸ்க்கில் ஒரு பார்ட்டிஷன் போடுங்கள். அது பழைய பார்ட்டிஷனைவிட ஒரு செக்டர்கூடக் குறையக் கூடாது. 4 டெராபைட் என்று அட்டையில் போட்டிருந்தாலும், துல்லியமாக எத்தனை பைட் என்பதை இதில் பாருங்கள்:

பிளாக்டெவ் --கெட்சைஸ்64 /டெவ்/எஸ்டிசி1

ஏற்கெனவே வேறு ரெய்டில் இருந்த டிஸ்க் என்றால் பழைய அடையாளத்தை --ஜீரோ-சூப்பர்பிளாக் கொண்டு துடைத்துவிடுங்கள். இந்தக் கட்டளை தவறான டிஸ்க்கின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சீரியல் எண்ணை இன்னொரு முறை பாருங்கள்.

நிலையை மாற்றுதல்

எம்டிஏடிஎம் --க்ரோ /டெவ்/எம்டி0 --லெவல்=5

பழைய பதிப்புகள் பிட்மேப் (எந்தப் பகுதிகளில் எழுத்து நடக்கிறது என்று குறித்து வைக்கும் பதிவு) இருக்கிறது என்று மறுக்கும். அப்படியானால் --க்ரோ --பிட்மேப்=நன் என்று கொடுத்து எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். எல்லாம் முடிந்த பிறகு --பிட்மேப்=இன்டர்னல் என்று திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது நிலவரம்:

கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்

ரெய்டு5 என்ற சொல்லும், அடுத்த வரியில் சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யு’ எழுத்தும் தெரிய வேண்டும். ஒவ்வொரு யு வும் நலமாக இருக்கிற ஒரு டிஸ்க். யு வுக்குப் பதிலாக அடிக்கோடு இருந்தால் அந்த டிஸ்க் இல்லை என்று அர்த்தம்; அங்கேயே நில்லுங்கள். புதிய ரெய்டுகளில் சங்க் அளவு, அதாவது ஒரு துண்டின் அளவு, 512 கேபி ஆக இருக்கும், இங்கே 64 கேபி அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். பழுது எதுவும் இல்லை. மிரரிலிருந்து மாறும்போது கர்னல் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது.

இந்த இடம் வரை பின்வாங்கலாம். அதே கட்டளையில் --லெவல்=1 என்று கொடுத்தால் பழைய மிரர்.

மூன்றாவது டிஸ்க்கைச் சேர்த்தல்

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிசி1

எம்டிஸ்டாட்டில் அதன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ‘எஸ்’ என்று வரும். ஸ்பேராகக் காத்திருக்கிறது, இன்னும் தரவு எதுவும் நகரவில்லை. இப்போதும் அதை --ரிமூவ் செய்துவிடலாம்.

மின்சாரம் நிலையாக இருக்குமா, யுபிஎஸ் இருக்கிறதா, தானாக அப்டேட் ஆகி ரீபூட் ஆகும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டலாம்:

எம்டிஏடிஎம் --க்ரோ /டெவ்/எம்டி0 --ரெய்டு-டிவைசஸ்=3

தொடக்கத்தில் சில வரிசைகளை மாற்றி எழுதும்போது, படிக்கிற இடமும் எழுதுகிற இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்தக் கணத்தில் மின்சாரம் போனால் தரவு சிதையும் என்பதால் அந்தச் சிறு பகுதிக்குப் பாதுகாப்பு தேவை. புதிதாக ஒரு டிஸ்க் சேர்வதால் எம்டிஏடிஎம் அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. டிஸ்க் எண்ணிக்கை கூடாமல் சங்க் அளவை மட்டும் மாற்றுவது போன்ற வேலைகளில் --பேக்கப்-ஃபைல் கேட்கலாம். கேட்டால் அதை ரெய்டுக்கு வெளியே இருக்கிற டிஸ்க்கில் வையுங்கள். மாற்றப்படுகிற ரெய்டுக்குள்ளேயே வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அதைப் படிக்க முடியாது.

காத்திருக்கும் நேரம்

4 டெராபைட் டிஸ்க்கில் நொடிக்கு 50 எம்பி வேகம் கிடைத்தால் 80,000 நொடி, அதாவது ஏறக்குறைய 22 மணி நேரம். ஒரே டிஸ்க்கில் படிப்பதும் எழுதுவதும் மாறிமாறி நடப்பதால் மெதுவாகத்தான் போகும். ஃபைல்களை இந்த நேரத்திலும் பயன்படுத்தலாம், ஆனால் முடிந்தவரை தொல்லை கொடுக்காமல் விடுவேன்.

நடுவில் மின்சாரம் போனால்? எவ்வளவு தூரம் வந்தோம் என்பதைச் சூப்பர்பிளாக்கில் அவ்வப்போது குறித்துக்கொண்டேதான் அது நகர்கிறது. திரும்பப் பூட் ஆனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரெய்டு தானாக எழவில்லை என்றால் --அசெம்பிள் கொடுங்கள். எந்தக் காரணம் கொண்டும், பதற்றத்தில் --கிரியேட் கொடுக்காதீர்கள். அது டிஸ்க்குகளில் புதிய சூப்பர்பிளாக்கை எழுதி, ரீஷேப் எங்கே நின்றது என்ற குறிப்பையே அழித்துவிடும். மீட்டிருக்கக்கூடிய ரெய்டுகள் பல தொலைந்துபோவது இந்த ஒரு சொல்லால்தான்.

ஃபைல் சிஸ்டத்தை வளர்த்தல்

ரீஷேப் முடிந்து எம்டிஸ்டாட்டில் மூன்று யு தெரிகிறது. ஆனால் டிஎஃப் கட்டளை இன்னும் 4 டெராபைட்தான் காட்டும். ரெய்டு வளர்ந்ததே தவிர, அதன் மேலே இருக்கிற ஃபைல் சிஸ்டத்துக்கு அது தெரியாது. இஎக்ஸ்டி4 என்றால், மவுண்ட் ஆகியிருக்கும்போதே:

ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எம்டி0

எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ் என்று கொடுத்து மவுண்ட் ஆன ஃபோல்டரின் பெயரைத் தர வேண்டும். நடுவில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் இடை அடுக்கு) இருந்தால் முதலில் பிவிரீசைஸ், பிறகு எல்விஎக்ஸ்டெண்ட், கடைசியில் ஃபைல் சிஸ்டம். வளர்க்கும்போது கீழிருந்து மேலே போகிறோம். சுருக்கும்போது மேலிருந்து கீழே வர வேண்டும். அந்த வரிசை தப்பினால் தரவின் வால் அறுபடும். சுருக்குவதற்குத் தனியாக ஒரு பதிவே வேண்டும்.

பழைய செக்சம் பட்டியலை எஸ்எச்ஏ256சம் -சி கொண்டு, அதே ஃபோல்டருக்குள் இருந்து சரிபாருங்கள். இடையில் நீங்களே திருத்திய ஃபைல்கள் தவிர மற்றவை எல்லாம் ஓகே என்று வர வேண்டும்.

பிறகு எம்டிஏடிஎம் --டீடெயில் --ஸ்கேன் தருகிற வரியை, /ஈடிசி ஃபோல்டரில் இருக்கிற எம்டிஏடிஎம் கான்ஃபிக் ஃபைலோடு ஒப்பிடுங்கள். அங்கே பழைய வரியில் லெவல் 1 என்றோ டிஸ்க் எண்ணிக்கை 2 என்றோ எழுதியிருந்தால் திருத்துங்கள். இல்லையென்றால் அடுத்த பூட்டில் ரெய்டு எழாமல் போகலாம். பூட் ஆகும்போது படிக்கப்படும் நகலிலும் இந்த மாற்றம் சேர, டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு, ஃபெடோரா வகையில் ட்ராகட் -எஃப் கொடுத்துவிட்டு ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள்.

அதே கான்ஃபிக் ஃபைலில் மெயில்ஆட்ர் என்ற வரியில் உங்கள் மின்னஞ்சல் முகவரி இருக்கட்டும். கணினியிலிருந்து வெளியே மின்னஞ்சல் போகிறதா என்பதை எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --டெஸ்ட் --ஒன்ஷாட் கொடுத்துச் சோதிக்கலாம். அந்தச் சோதனை மின்னஞ்சல் வந்து சேர்ந்த பிறகு லூப் ஃபைல்களை அழித்துவிடுங்கள். பேக்கப் டிஸ்க்கை மட்டும் தொடாதீர்கள், அது இருக்கிறபடியே இருக்கட்டும்.