முன்னோர் பிறந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

வம்சாவளி தேடத் தொடங்குபவர்கள் பெயரையும் தேதியையும் துரத்துகிறார்கள். ஊரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய பதிவேடுகளோ பெரும்பாலும் ஊர்வாரியாகத்தான் இருக்கின்றன. ஊர் தெரியாவிட்டால் எந்த அலுவலகத்தில் தேடுவது என்பதே தெரியாது.

முதலில் ஒருவரை மட்டும், அவர் வாழ்வில் ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு என்று வைத்துக்கொள்வோம். அவர் பிறந்த ஊரைக் குறிப்பிடும் ஆவணங்களை எல்லாம் திரட்டி, ஊர்ப்பெயரை உள்ளது உள்ளபடி, எழுத்துப்பிழையோடு எழுதிவையுங்கள்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு விவரங்கள்: அந்தத் தகவலைச் சொன்னது யார், எப்போது சொன்னார்? இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இறப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த ஊரை இறந்தவரா சொல்லியிருப்பார்? மகனோ மருமகளோ கேள்விப்பட்டதைச் சொல்லியிருப்பார்கள். குழந்தை பிறந்த சில நாட்களில் எழுதப்பட்ட பதிவுக்கு அதைவிட மதிப்பு அதிகம். ஆவணத்தில் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வசிக்கும் கவுன்டியிலேயே (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தவரா, இல்லையென்றால் ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ வெளிநாட்டிலோ பிறந்தவரா என்று மட்டும்தான் கேட்டது. ஊர்ப்பெயர் வேண்டுமென்றால் 1851-க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் 1850 முதல் பிறந்த மாநிலமோ நாடோ பதிவானது. பெற்றோர் பிறந்த இடம் 1880-இல் சேர்ந்தது.

மூன்றாவது, பதிவு செய்த இடம் வேறு, நிகழ்ந்த இடம் வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் நடந்த அரசுப் பதிவுகளின் அட்டவணையில் இருப்பது பதிவு மாவட்டத்தின் பெயர். அதற்குள் பல கிராமங்கள் அடங்கும். எந்தக் கிராமம் என்பதைச் சான்றிதழின் நகல்தான் சொல்லும். அடக்கம் செய்த ஊரை இறந்த ஊராக எழுதிவிடுவதும் இதே வகைத் தவறு.

பிறகு, அந்த ஆண்டில் அந்த ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்று பாருங்கள். இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ், ஆஸ்திரியாவின் ஆட்சியில் லெம்பெர்க். இரு உலகப் போர்களுக்கு இடையில் போலந்தின் லிவூஃப். நிகழ்வு நடந்தபோது இருந்த பெயரையே பதியுங்கள். இன்றைய பெயர் குறிப்பில் இருக்கட்டும். பழைய ஊர்ப்பெயர் அகராதிகள் இதற்கு உதவும். ஜெர்மன் பேரரசுக்கு 1912-ஆம் ஆண்டின் மேயர்ஸ் அகராதி இருக்கிறது. ஒரு சிற்றூருக்கான பதிவு அலுவலகம் எங்கே இருந்தது என்பதுவரை அதில் கிடைக்கும்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் அகப்பட்டால், உடன்பிறந்தோர் பிறந்த ஊர்களையும் திருமணச் சாட்சிகளின் ஊர்களையும் வரைபடத்தில் குறியுங்கள். அவை சூழ்ந்திருக்கும் ஊரை முதலில் சோதிக்கலாம். அப்படியும் மாவட்டம் வரைதான் உறுதியானது என்றால், மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்து தட்டியதும் மென்பொருள் தானாக நிரப்பித் தரும் ஊர்ப்பெயரை மட்டும் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளாதீர்கள்.