ஹைட்ரோ டெஸ்ட்ல பாஸான டேங்க், டீ குடிச்சு வர்றதுக்குள்ள சப்பிப்போன கதை

கப்பலூர்ல ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில நான் இருந்தப்ப நடந்தது. 3 எம்எம் ஷீட்டு டேங்க், தண்ணி நெரப்பி பம்ப் அடிச்சு லீக் பாக்குற ஹைட்ரோ டெஸ்ட், சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ பிரஷர், அரை மணி நேரமா கேஜ் முள்ளு அசையல, பார்ட்டி இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட்டாரு. எல்லாரும் டீக்கு கிளம்பிட்டோம். லாரித் தண்ணி காசு குடுத்து வாங்குனதாச்சே, அடுத்த டேங்க்குக்கு மாத்திருவோம்னு ஒரு தம்பி மோட்டாரப் போட்டு கீழருந்து உறிஞ்ச விட்டுட்டான், மேல காத்து போக வர இருக்கற வென்ட் அடைச்சிருக்கறத யாரும் பாக்கல. 'டொம்'முனு ஒரு சத்தம். ஓடி வந்து பாத்தா பஸ்ஸு ஏறுன சில்வர் சொம்பு மாதிரி கெடக்கு. வெல்டர் அண்ணே சுத்தி வந்து பாத்துட்டு, "ஏப்பா, ஒரு ஜாயிண்டாவது விட்டுச்சா பாரு"ங்கிறாரு. அவரு கவலை அவருக்கு.

நமக்கு பயம் பூராம் பிரஷர் ஏத்தும்போதுதான், எறக்கும்போது யாரும் கண்டுக்கறதில்ல. வெளிக்காத்து சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 10 டன்னு அமுக்கிட்டேதான் இருக்கு, உள்ளயும் அதே காத்து இருக்கறதால தெரியல. தண்ணிய உருவிட்டு அந்த எடத்துக்கு காத்த விடலேன்னா, பாதி வேக்கூமுக்கே 5 டன்னு. உள்ளருந்து தள்ளுனா ஷீட்டு நல்லா வட்டமா நிக்கும், வெளியருந்து அமுக்குனா ஒரு எடத்துல லேசா பள்ளம் விழுந்தாப் போதும், மொத்தமா மடங்கிரும். அதனால மோட்டார் சுச்சத் தொடுறதுக்கு முன்னாடி வென்ட்டத் தொறங்க.

நெரப்பும்போது இதுக்கு நேர் எதிர், காத்து உள்ள தங்கவே கூடாது. தண்ணி சுருங்காது, எங்கயாச்சும் விட்டாலும் பீச்சிட்டு பிரஷர் சட்டுனு எறங்கிரும். காத்து அப்பிடியில்ல, ஸ்பிரிங் மாதிரி சுருங்கி உக்காந்திருக்கும், போல்ட் ஜாயிண்ட்டுக்கு நடுவுல வைக்கிற கேஸ்கெட் விட்டா பிச்சுக்கிட்டு வரும். குமிழி இல்லாம தண்ணி வழியிற வரைக்கும் வென்ட்ட மூடாதீங்க, போல்ட் போட்டு இறுக்குற ஃப்ளாஞ்ச்சுக்கு நேரா நிக்காதீங்க. "கம்ப்ரசர்தான் இருக்கே, காத்துலயே ஏத்திருவோம்"னு சொல்ற முதலாளியையும் கூடவே நிக்கச் சொல்லுங்க, அப்பறம் சொல்ல மாட்டாரு.

கேஜும் பாத்து மாட்டணும். அரை கிலோ டெஸ்ட்டுக்கு 40 கிலோ கேஜ் மாட்டுனா முள்ளு எந்திரிக்கவே எந்திரிக்காது, பையன் பாட்டுக்கு ஹேண்ட் பம்ப்ப அடிச்சுக்கிட்டே இருப்பான். டெஸ்ட் பிரஷரப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் காட்டுற கேஜ் போதும்.

அந்த டேங்க்கத் திரும்ப தண்ணி ரொப்பி பம்ப் அடிச்சு நிமித்திரலாம்னு முதலாளி ரெண்டு நாளு முட்டிப் பாத்தாரு, பாதி நிமிந்துச்சு, மடிப்பு போகல. கடைசில குறுக்க வெட்டி, பக்கத்துத் தோட்டத்துல மாட்டுக்கு தண்ணித்தொட்டியா போட்டாச்சு.