அமெரிக்க ஜனாதிபதி அரசியலின் ஒரு நாளை வாசிகசாலையில் நினைவுகூரும் முறை

ஒரு மணித்தியாலக் கூட்டத்துக்கு ஒரு நாள், ஒரு தாள், ஒரு கேள்வி போதும். வாஷிங்டன் முதல் ஒபாமா வரை எல்லோரையும் ஒரே பின்னேரத்தில் அடக்கப் பார்த்தால், வந்தவர்கள் ஒரு பெயர்ப்பட்டியலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அரசறிவியல் படிக்கும் உயர்தரப் பிள்ளைகளின் கொப்பியில் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாமல் கழிந்த சில மணித்தியாலங்களுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் நினைவுநாளின் வேலை.

முதலில் எங்கள் கிழக்கிலங்கை நாட்காட்டியைப் பாருங்கள். லிங்கன் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14 இரவு. இங்கே அது சித்திரைப் புத்தாண்டு நேரம். கைவிசேஷம் வாங்கப் போன பிள்ளைகள் வாசிகசாலைக்கு வரமாட்டார்கள். ட்ரூமன் 1972 இலும் ஃபோர்ட் 2006 இலும் இறந்தது டிசெம்பர் 26 ஆம் திகதி. கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கடலோரச் சனம் சுனாமியில் போனவர்களுக்கு விளக்கேற்றும் நாள் அது. அன்று வேறு மரணத்தைப் பேசக் கூடாது. இப்படிப்பட்ட நாட்களில் கூட்டத்தை ஒரு கிழமை முந்தியே வையுங்கள், அறிவித்தலில் உண்மைத் திகதியையும் எழுதுங்கள்.

திகதியிலேயே வழுக்கும் இடங்கள் சில உண்டு. அமெரிக்கத் தேர்தல் நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயில் வருவதால் அது 2 ஆம் திகதிக்கும் 8 ஆம் திகதிக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும். பதவியேற்பு ஜனவரி 20 என்பது 1937 இல் தொடங்கியது. அதற்கு முன் மார்ச் 4. வாஷிங்டனின் முதற் பதவியேற்பு மட்டும் 1789 ஏப்ரல் 30. லிங்கனின் பதவியேற்பை ஜனவரியில் கொண்டாடினால் தெரிந்தவர் ஒருவர் எழும்பித் திருத்துவார்.

இனி நேரம். பெரும்பாலானோர் இதைக் கணக்கெடுப்பதேயில்லை, ஆனால் கூட்டத்துக்கு உயிர் வருவது இதில்தான். வாஷிங்டன் நேரத்தோடு கோடையில் 9.30 மணித்தியாலமும் குளிர்காலத்தில் 10.30 மணித்தியாலமும் கூட்டினால் இலங்கை நேரம் வரும். டல்லஸ் இன்னும் ஒரு மணித்தியாலம் பின்னால். கென்னடி சுடப்பட்டது 1963 நவம்பர் 22, டல்லஸ் நேரம் பிற்பகல் 12.30. 11.30 ஐக் கூட்டிப் பாருங்கள்: எங்கள் கடிகாரத்தில் சரியாக நள்ளிரவு, நவம்பர் 23 பிறக்கும் நிமிடம். மட்டக்களப்புக்கோ நவம்பர் 23 என்றால் 1978 சூறாவளி. ஆகவே கென்னடிக்கு 20 ஆம் திகதியை எடுங்கள். காரணத்தைச் சொன்னால் முதியவர்களும் வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை: 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டிருந்தது. 2000 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு 10.30 ஐக் கூட்டினால் பிழை, 11 ஐக் கூட்டவேண்டும். 1883 க்கு முந்திய சம்பவங்களுக்கு மணிக்கணக்குப் பார்க்காதீர்கள். அமெரிக்காவிலேயே ஊருக்கு ஒரு நேரம் இருந்த காலம் அது, திகதியே போதும்.

முதல் தடவை நடத்துபவர்களுக்கு ஓகஸ்ட் 9 ஐச் சொல்லுவோம். மழைத் தொல்லை இல்லை. கச்சான் காற்று மட்டும் அடிக்கும், பிரிஸ்டல் போர்டை நான்கு மூலையிலும் குத்துங்கள். நிக்சன் பதவி விலகுவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தது 1974 ஓகஸ்ட் 8 இரவு 9.01. இங்கே 9 ஆம் திகதி காலை 6.31. விலகல் கடிதம் வெளியுறவுச் செயலாளர் கிசிஞ்சரின் கைக்குப் போனது மறுநாள் முற்பகல் 11.35, எங்களுக்கு இரவு 9.05. உப ஜனாதிபதி ஃபோர்ட் புதிய ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்தது பகல் 12.03, எங்களுக்கு இரவு 9.33. அங்கே இரண்டு நாளில் நடந்தது எங்கள் கடிகாரத்தில் ஒரே நாளுக்குள் அடங்கிவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் காலை 6.31 க்கு உரையின் ஒரு பந்தியை அனுப்புங்கள், பின்னேரம் 4.30 க்குக் கூட்டம், இரவு 9.05 க்குக் கடிதத்தின் படம், 9.33 க்குக் கடைசிச் செய்தி.

சுவரில் ஐந்து திகதிகள் போதும், ஒவ்வொன்றும் தூரத்தில் இருந்து வாசிக்கக்கூடிய எழுத்தில்: 1972 ஜூன் 17 வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகம் உடைக்கப்பட்டது, 1974 ஜூலை 24 ஒலிநாடாக்களைக் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 8-0 எனத் தீர்ப்பளித்தது, ஜூலை 27 பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு முதற் குற்றச்சாட்டை நிறைவேற்றியது, ஓகஸ்ட் 5 விசாரணையைத் தடுக்க நிக்சனே பேசிய ஒலிநாடாவின் எழுத்துப்பிரதி வெளியானது, ஓகஸ்ட் 9.

இங்கே எப்போதும் வரும் பிழை ஒன்று இருக்கிறது. "நிக்சன் குற்றப்பிரேரணை மூலம் நீக்கப்பட்டார்" என்று எழுதிவிடுவார்கள். முழுச் சபை வாக்களிக்கு முன்பே அவர் விலகிவிட்டார். குற்றப்பிரேரணை நிறைவேறுவது வேறு, பதவி போவது வேறு: 1868 இல் அன்ட்ரூ ஜோன்சனுக்கு எதிராகப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது, பதவி நீக்கத்தைத் தீர்மானிக்கும் செனட் சபையில் 35-19; மூன்றில் இரண்டுக்கு ஒரு வாக்குக் குறைந்ததால் அவர் தப்பினார்.

தாளாக அந்தக் கடிதத்தையே எடுங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படம் இருக்கிறது. அந்நாட்டு அரச ஆவணம் என்பதால் அச்சிடத் தடையில்லை. செய்தி நிறுவனங்களின் புகைப்படங்கள் அப்படியல்ல, அவற்றைத் தொடாதீர்கள். ஏ3 தாளில் ஒரு பிரதி சுவருக்கு, ஏ4 இல் இரண்டு பேருக்கு ஒன்று. வெள்ளை மாளிகைத் தலைப்பு, திகதி, "ஜனாதிபதிப் பதவியிலிருந்து இத்தால் விலகுகிறேன்" என்ற ஒரே வசனம், கையெழுத்து. கீழே கிசிஞ்சரின் முதலெழுத்துகளும் 11.35 என்ற நேரமும் பேனையால் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கிறுக்கலைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். விளக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாளைப் பார்க்கமாட்டார்கள்.

வாசிப்பவர் மெதுவாக, இரண்டு தடவை வாசிக்கவேண்டும். பிறகு கேள்வி: கடிதம் ஏன் வெளியுறவுச் செயலாளருக்குப் போனது? அங்கே சட்டம் அப்படி. எங்கள் அரசியலமைப்பில் ஜனாதிபதி சபாநாயகருக்கு எழுதவேண்டும். 2022 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து கோட்டாபய அனுப்பிய கடிதம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பேச்சு அங்கே சூடு பிடிக்கும், பிடிக்கட்டும். கட்சிச் சண்டையாகத் திரும்பினால் மற்றக் கேள்வியை எடுங்கள்: புதிதாக வந்த ஃபோர்டை ஜனாதிபதியாகவோ உப ஜனாதிபதியாகவோ தெரிவு செய்தது யார்? மக்கள் இல்லை. 1973 இல் அப்போதைய உப ஜனாதிபதி அக்நியூ விலகியபின் 25 ஆவது திருத்தத்தின்படி நிக்சன் நியமித்தார், காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு 2000 டிசெம்பர் 12, புளோரிடா மாநில வாக்குகளை மீள எண்ணுவதை உச்ச நீதிமன்றம் நிறுத்திய புஷ் எதிர் கோர் தீர்ப்பு. அதற்கு மூன்று சிரட்டையும் முப்பது விதையும் வேண்டும். சிரட்டைகளுக்குக் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று பெயர் ஒட்டுங்கள். கல்குடாவில் 6 புளியங்கொட்டை, 4 சோளம். பட்டிருப்பிலும் அப்படியே. மட்டக்களப்பில் 1 புளியங்கொட்டை, 9 சோளம். கூட்டினால் சோளம் 17, புளி 13. ஆனால் தொகுதியில் முந்தியவருக்கே தொகுதி முழுவதும் என்று வைத்தால் புளி இரண்டு தொகுதியை எடுத்து வென்றுவிடும். கோர் நாடு முழுவதும் ஐந்து இலட்சத்துக்கு மேல் அதிக வாக்கு எடுத்தும் தோற்றது இந்தக் கணக்கால், அங்கே தொகுதிக்குப் பதில் மாநிலம். அம்பாறைப் பக்கம் நடத்துபவர்கள் சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என்று பெயர் மாற்றிக்கொள்ளலாம்.

எண்களில் கவனம். புளோரிடாவில் வித்தியாசம் 537 வாக்கு. ஜனாதிபதியைத் தெரிவு செய்ய மாநில வாரியாகத் தெரிவாகும் தேர்வாளர்களின் வாக்கு புஷ்ஷுக்கு 271, கோருக்கு 266, கூட்டினாலும் 537. கேட்பவர்கள் குழம்புவார்கள். மொத்தம் 538, ஒரு தேர்வாளர் வெற்றுச் சீட்டுப் போட்டார் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

தாளாக உரை ஒன்றை எடுப்பதானால், லிங்கனின் கெட்டிஸ்பேர்க் உரை (1863 நவம்பர் 19) ஆங்கிலத்தில் சுமார் 272 சொல்தான், இரண்டு மூன்று நிமிட வேலை. தமிழாக்கத்தில் சொல் குறையும், நேரம் குறையாது. நான்கு நிமிடம் ஒதுக்குங்கள். முகநூலில் அவர் படத்தோடு சுற்றும் பொன்மொழிகளை ஆவணத்தில் கண்டாலொழியச் சுவரில் ஒட்டாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் தாள், நேரக்கணக்கு, விடை கிடைக்காத கேள்விகள் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, முகப்பில் அமெரிக்கத் திகதியையும் இலங்கைத் திகதியையும் எழுதி வாசிகசாலை அலுமாரியில் வையுங்கள். அடுத்த வருடம் நடத்துபவர் அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கலாம்.