வெளிநாட்டில் பிட்கொயின் மைனிங் போடப் போகிறீர்களா? முதலில் கரண்ட் செலவுக் கணக்கு

கல்முனையிலும் காத்தான்குடியிலும் மட்டக்களப்பு டவுனிலும், கட்டாரில் உழைத்த காசை நாலைந்து பேர் ஒன்றாகப் போட்டு வெளிநாட்டில் பிட்கொயின் மைனிங் (கணிப்பு மெஷின்களை இரவு பகலாக ஓட்டிப் புதுப் பிட்கொயின் சம்பாதிப்பது) தொடங்கலாமா என்று பேசுவதை அடிக்கடி கேட்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது மெஷின் என்ன விலை என்றுதான். அதைக் கடைசியில் பாருங்கள்.

ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மைனிங் மெஷின் ஒன்று சுமார் 3.5 கிலோவாட் இழுக்கும். நாளைக்கு 84 யூனிட், 30 நாளில் 2,520 யூனிட். யூனிட் 5 அமெரிக்க சதம் என்றால் மாதம் 126 டொலர், 8 சதம் என்றால் 201 டொலருக்கு மேல். சரி, வரவு எவ்வளவு? 2024 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு புளொக்குக்கு (பிட்கொயின் கொடுக்கல் வாங்கல்களைப் பதியும் ஒரு தொகுதி) 3.125 பிட்கொயின்தான் கிடைக்கிறது, உலகம் முழுவதற்கும் சேர்த்தே நாளைக்குச் சுமார் 450. எஸ்21இன் வேகம் 200 டெராஹாஷ், அதாவது செக்கனுக்கு 200 லட்சம் கோடி கணிப்பு. உலகிலுள்ள எல்லா மெஷினும் சேர்ந்த நெட்வேர்க்கின் மொத்த வேகத்தை 100 கோடி டெராஹாஷ் என்று வைத்தால் உங்கள் மெஷினுக்கு மாதம் 0.0027 பிட்கொயின் வரும். பிட்கொயின் 60,000 டொலருக்கு நின்றால் அது 162 டொலர். 5 சதத்தில் 36 டொலர் மிஞ்சும், 8 சதத்தில் கையிலிருந்து 40 டொலர் போகும், பலருடைய மெஷினைச் சேர்த்து வரவைப் பங்கிடும் பூலுக்கான கட்டணம் இன்னும் கழிக்கவில்லை. அன்றைய விலையையும் நெட்வேர்க் வேகத்தையும் போட்டு நீங்களே இதைத் திரும்பச் செய்யுங்கள், ஏனென்றால் 2,016 புளொக்குக்கு ஒரு தடவை புளொக் கண்டுபிடிப்பதன் கடினம் மாறும், 2028இல் அந்த 3.125உம் பாதியாகும்.

அடுத்தது, கரண்ட் தந்து உங்கள் மெஷினை வைத்து ஓட்டும் இடம். மலிவு கரண்ட் மட்டும் பார்த்து ஓடாதீர்கள், தட்டுப்பாடு வந்தால் முதலில் யாருடைய கரண்டை வெட்டுவார்கள் என்று விசாரியுங்கள். 2021இல் சீனா தடை செய்ததும் நிறையப் பேர் கசகஸ்தானுக்குப் போனார்கள், அந்தக் குளிர்காலமே அங்கே மின்சாரம் போதவில்லை, 2022 ஜனவரிக் கலவரத்தில் இன்டர்நெட்டே நின்றது. இத்தைப்பு என்ற பெரிய நீர்மின் அணை இருக்கும் பராகுவேயிலும் 2024இல் மைனிங்காரருக்குக் கட்டணத்தை உயர்த்தினார்கள். அதனால் இடம் நடத்துபவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் கரண்ட் விலை எத்தனை மாதத்துக்கு மாறாது, மெஷின் நின்ற மணித்தியாலங்களுக்கு யார் பொறுப்பு என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆயிரம் மெஷின் என்று சொல்வது லேசு. அது 3.5 மெகாவாட், நம்முடைய இங்கினியாகலை நீர்மின் நிலையமே சுமார் 11 மெகாவாட்தான்! இவ்வளவு கரண்டைத் தரும் ட்ரான்ஸ்போமர் உண்மையில் அந்த இடத்தில் இருக்கிறதா என்று யாராவது நேரில் போய்ப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

காலநிலையும் செலவுதான். நான் கல்லடியில் பழைய மெஷின் ஒன்றை ஓட்டினேன், உப்புக் காற்றில் ஃபேனும் போர்டும் துருப்பிடித்துப் போயின. வளைகுடா நாடுகளில் வெயில் 45 பாகையைத் தாண்டும், இந்த மெஷின்களுக்கு அதுதான் உச்ச வரம்பு. அங்கே போட்டால் குளிராக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். நோர்வே, ஐஸ்லாந்து போன்ற குளிர் நாடுகளில் அது குறையும். எங்கே போட்டாலும் கப்பல் கூலி, சுங்க வரி, உதிரி ஃபேன், பழுது பார்ப்பவரின் கூலி எல்லாம் வரும்.

காசு அனுப்புவதுதான் நம் ஆட்கள் கடைசியில் யோசிப்பது. இலங்கை வங்கி அட்டைகளால் கிரிப்டோவுக்குப் பணம் செலுத்த அனுமதியில்லை என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டுக்குத் தனிக் கணக்கும் வரம்பும் இருக்கின்றன, உங்கள் வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் முதலில் கேளுங்கள். உண்டியலில் அனுப்பி விட்டால் நாளை அந்தக் காசு உங்களுடையது என்று காட்ட ஒரு கடதாசியும் இராது.

இவ்வளவும் சரி என்றால், இடம் நடத்துபவரிடம் கடந்த மூன்று மாத கரண்ட் பில்லைக் கேளுங்கள், அதிலுள்ள யூனிட் விலையை அவர் உங்களுக்குச் சொன்ன விலையோடு ஒப்பிடுங்கள். பில் காட்ட மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.