சன்ரூஃப் ஒழுகுகிறதா? சிலிகான் டியூபைக் கீழே வையுங்கள்

போன வருடம் மே மாதம். ஒசூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு, சாயங்கால மழை விட்ட கையோடு பெங்களூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சில்க் போர்டு சிக்னலில் முன்னால் போன ஆட்டோ திடீரென்று நிற்க, நானும் பிரேக்கை மிதித்தேன். முன்சீட்டில் அத்தை. கூரை விளக்கு இருக்கிற இடத்திலிருந்து அரை டம்ளர் தண்ணீர் அப்படியே அவர் மடியில் கொட்டியது. பட்டுப் புடவை வேறு. "என்னடா, கார்ல குழாய் வெச்சிருக்கியா?" என்றார். மழை நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி ஜன்னலான சன்ரூஃப் இறுக மூடித்தான் இருந்தது.

மறுநாள் நான் செய்ததுதான் இந்த விஷயத்தில் பெரும்பாலானோர் செய்கிற முதல் தவறு. வீட்டுப் பக்கத்து டிங்கரிங் கடையில் வண்டியை விட்டு, கண்ணாடியைச் சுற்றிச் சிலிகான் அடிக்கச் சொன்னேன். 400 ரூபாய் வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு ஒழுகல் இரண்டு மடங்கானது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் சன்ரூஃப் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது தண்ணீரை முழுக்கத் தடுக்கிற மூடி கிடையாது. விளிம்பு ரப்பர் பெரும்பகுதி மழையை வெளியே தள்ளிவிடும். மிச்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். அப்படி இறங்கும் என்று தெரிந்துதான் கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு வாய்க்கால் வைத்திருக்கிறார்கள். வாய்க்காலின் மூலைகளில் ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் பென்சில் தடிமனுக்கு ஒரு குழாய். முன்பக்கக் குழாய்கள் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்கி, பெரும்பாலும் முன்கதவின் கீல் பக்கம் வெளியே வரும். பின்பக்கத்தவை பின்தூண் வழியாகச் சக்கர வளைவுக்கோ பம்பருக்கோ போகும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

ஊரில் பழைய ஓட்டு வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழை வீட்டுக்குள்தான் விழுகிறது, ஆனால் யாரும் பதறுவதில்லை. முற்றத்துத் தூம்பு அடைத்துக்கொண்டால்தான் தண்ணீர் கூடத்துக்கு ஏறும். அப்போது தூம்பைக் குத்திவிடுவார்களே தவிர, முற்றத்துக்கு மேலே மூடி போட யாரும் ஆள் கூப்பிடுவதில்லை. நான் கூப்பிட்டேன்.

சிலிகான் வேறு விதத்திலும் கெடுதல் செய்கிறது. கண்ணாடி நகரும் பொருள். ஒரு தடவை திறந்து மூடினாலே பசை கிழிந்து துணுக்குத் துணுக்காக வாய்க்காலில் விழும். அந்தத் துணுக்கு நேராகப் போய் உட்காருகிற இடம் மூலை ஓட்டை. வினிகர் வாடை வருகிற வகை சிலிகான் என்றால், பெயின்ட் உரிந்த தகட்டில் துருவையும் கிளப்பும். பிறகு அதைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆகும். எடுத்த இடத்தில் பெயின்ட் பிடிக்கவும் மறுக்கும்.

அடுத்த தவறு, ஈரம் தெரிகிற இடத்தையே ஓட்டை என்று நினைப்பது. என் காரில் விளக்குக்கு மேலே ஓட்டையே இல்லை. குழாய் அடைத்து வாய்க்கால் நிரம்பியிருந்தது. பிரேக் போட்டதும் தண்ணீர் முன்னால் சரிந்து, கரை தாண்டி, கூரைத் துணியில் வெட்டுப்பட்டிருக்கிற இடமான விளக்கு வழியாக இறங்கிவிட்டது. அடுக்குமாடி வீடுகளின் பேஸ்மென்ட் சரிவில் இறங்கும்போது மட்டும் சிலருக்குச் சொட்டுவதும் இதனால்தான். பின்குழாய் அடைத்தால் தண்ணீர் டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் போய்த் தேங்கும், மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. வளைவில் திரும்பும்போது பின்னாலிருந்து 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சன்ரூஃப் இருக்கிறதே என்று எல்லா ஈரத்துக்கும் அதன் தலையில் பழி போடுவது. மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஓட்டியபின் இடது முன்சீட்டின் கால்பக்கம் நனைந்திருந்தால், அது பெரும்பாலும் ஏசியின் நீர் வெளியேறும் குழாய் அடைப்பு. வழக்கமாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர் உள்ளே வருகிறது, அவ்வளவுதான். அந்த ஈரம் பிசுபிசுப்பாக, லேசான தித்திப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட், என்ஜினைக் குளிர்விக்கிற திரவம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சருகு சேர்ந்து தண்ணீர் தேங்கினாலும் உள்ளே காற்றை ஊதுகிற பிளோயர் வழியாக அதே கால்பக்கம்தான் நனையும்.

கதவு ஓரம் மட்டும் ஈரமா? சமீபத்தில் ஸ்பீக்கர் மாற்றினீர்களா, பவர் விண்டோ ரிப்பேர் செய்தீர்களா என்று யோசியுங்கள். கதவுக்குள்ளும் மழை இறங்கி அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. அதை உள்பக்கம் வரவிடாமல் தடுப்பது கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற ஒரு பிளாஸ்டிக் தாள். வேலை பார்த்தவர் அதைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் போயிருப்பார். கூரை ஆன்டெனாவின் அடி ரப்பர், பின்விளக்கின் ரப்பர் இவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டு, பிரஷர் பைப்பைக் கண்ணாடி ஓரத்திலேயே பாய்ச்சச் சொல்கிறார்கள். அந்த வேகத்துக்கு நல்ல ரப்பரும் வழி விட்டுவிடும், அதிலிருந்து எதுவும் தெரியாது. மழை இல்லாத நாளில் சமமான தரையில் வண்டியை நிறுத்தி, சன்ரூஃபை முழுக்கத் திறந்து, ஒரு பாட்டிலில் 200 மில்லி தண்ணீர் எடுத்து முன் மூலை ஒன்றில் மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் வெளியே குனிந்து சக்கரத்துப் பக்கம் பார்க்கட்டும். சில நொடிகளில் தரையில் கோடு போட்ட மாதிரி ஓட வேண்டும். வாய்க்காலிலேயே நின்றால் அடைப்பு. உள்ளேயும் போய்விட்டது, வெளியேயும் வரவில்லை என்றால் குழாய் நடுவில் கழன்றிருக்கிறது, அதுதான் மோசம். பின் மூலைகளுக்குக் கண்ணாடி திறந்திருந்தாலும் கை எட்டாத மாடல்கள் உண்டு, அவற்றை ஒர்க்‌ஷாப்பில்தான் பார்க்க முடியும்.

நாலு குழாயும் சுத்தம், ஆனாலும் ஒழுகல் நிற்கவில்லை என்றால் தோட்டத்துக் குழாயை எடுங்கள். முனையில் எதுவும் மாட்டாமல், தண்ணீர் தானாக வழிகிற அளவுக்குத் திறந்து, கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கதவடி, பிறகு ஜன்னல், கடைசியில் கூரை. மேலே ஊற்றினால் கீழே எல்லாமும் நனைந்துவிடும், எது கசிந்தது என்று சொல்ல முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சும் டிஷ்யூ பேப்பருமாக உட்காரட்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து பத்து நிமிடம். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்குக் குழந்தைகளை அமர்த்தலாம், கூலி ஐஸ்கிரீம்.

அடைப்பு எடுப்பதில்தான் நல்ல வண்டியும் கெட்டுப்போகிறது. கைக்கு அகப்படுவது பழைய பிரேக் வயர், இல்லையென்றால் பஞ்சர் கடைக் காற்று. வயரின் பிரிந்த முனை மெல்லிய குழாயைக் கிழித்துவிடும். காற்று ஆபத்தானது என்று எனக்குச் சொன்னவர் பெங்களூர் ஜே.சி. ரோட்டுப் பக்கத்துச் சந்தில் வேலை செய்கிற ஆம்பூர்க்கார மெக்கானிக் ஒருவர். "காத்து அடிச்சீங்கன்னா மேல பைப்பு கழண்டுடும் ஸார். அப்புறம் மழைத் தண்ணி தூணுக்குள்ளதான் ஊத்தும். கூரைத் துணியை இறக்காம மாட்ட முடியாது."

அவர் எடுத்தது புல் வெட்டும் மிஷினில் சுற்றுகிற நைலான் நரம்பு, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். முனையைத் தீக்குச்சியில் காட்டி, உருகியதும் ஈர விரலால் உருட்டி மிளகு மாதிரி ஆக்கினார். ஓட்டையில் விட்டு, தள்ளாமல் விரல்களுக்கு இடையில் திரித்துக்கொண்டே இறக்கினார். முழங்கை நீளம் போனதும் நின்றது. லேசாக இழுத்து, மறுபடி திரித்து, இழுத்து. அப்புறம் கீழே குனிந்து, கதவுக் கீலுக்குப் பின்னால் குழாயின் வாயில் இருந்த ரப்பர் மூக்கை இரண்டு விரலால் அமுக்கினார். கறுப்பாக ஒரு கூழ் வந்தது. அதில் சிமென்ட் தூசி, சின்னச் சின்ன இலை, உலர்ந்த புங்கம்பூ, கடைசியாக 400 ரூபாய்ச் சிலிகானில் ஒரு துண்டு. அதன்பின் மேலே அரை டம்ளர் ஊற்றினார். கீழே சளசளவென்று ஓடியது.

அந்த ரப்பர் மூக்கை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நுனியில் கீறல் மட்டும் இருக்கும், சேறு பட்டுக் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். பல நேரம் அதை அமுக்கிவிட்டாலே வேலை முடிந்துவிடும். அப்படியும் போகாவிட்டால் தண்ணீரை இழுக்கக்கூடிய வேக்வம் கிளீனரைக் கீழ் முனையில் வைத்து உறிஞ்சலாம், ஊதுவதைவிட உறிஞ்சுவது குழாய்க்குப் பாதுகாப்பு.

இந்த ஊரில் தெருவோரம் நிறுத்துகிறவர்களுக்குக் கூடுதல் வேலை. தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலை வாய்க்காலுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். ஏப்ரலில் புங்க மரம் கூரை முழுக்கப் பொரி தூவிவிடும். பார்க்க அழகுதான். பூ கொட்டி முடிந்ததும் ஒரு தடவை, செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்கு முன்னால் ஒரு தடவை வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்து, மூலைகளில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கால் மணி நேர வேலை.

ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். வாசலின், என்ஜின் ஆயில் இன்னும் மோசம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த வகை ரப்பர் ஊதிப்போகும். ரப்பருக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸை மெல்லிசாகப் பூசினால் போதும். கிரீஸ் வேறு, பசை வேறு. கடையில் கேட்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கசிவு நின்றதும் பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். கார்பெட்டின் மேல்புறம் காய்ந்திருக்கும், அடியில் உள்ள தடித்த பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். வயர்களும் இணைப்புகளும் அதன் கீழேதான் ஓடுகின்றன. ஒரு மாதம் கழித்துப் பவர் விண்டோ தானாக இறங்கும், எங்கோ ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும், காரணம் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் வாடைக்குச் சாம்பிராணி போட்டார்கள். கோயில் வாடையும் ஈரநாய் வாடையும் சேர்ந்து வந்ததுதான் மிச்சம். கதவடிப் பட்டையைக் கழற்றி, கார்பெட் ஓரத்தைத் தூக்கி, அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, இரண்டு நாள் டேபிள் ஃபேன் போட்டபிறகுதான் சரியானது.

தூணின் மேல் மூடியைப் பிடுங்கிப் பார்க்கிற ஆசை வேண்டாம். பல வண்டிகளில் அதற்குள் ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். வாரண்டி இருக்கிற வண்டியில் எதையும் கழற்றாமல், தண்ணீர் ஊற்றும்போது வீடியோ எடுத்து சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

கூரைத் துணியில் படிந்த கறையையும் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. பசை நனைந்து துணி தொங்கிவிடும். என் காரில் விளக்கைச் சுற்றி ஊத்தப்பம் அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் அப்படியே இருக்கிறது. அத்தை இப்போதெல்லாம் பின்சீட்டில்தான் உட்காருகிறார்.