பசுமை ஹைட்ரஜன்: கணக்கில் நேரும் பிழைகள்

ஹைட்ரஜனை எரித்தால் தண்ணீர்தான் மிஞ்சும், புகையே கிடையாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது எதிலிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு. இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் இருந்துதான் வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஏறக்குறைய 10 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா? எந்த மின்சாரம் என்பதைப் பொறுத்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பெருக்கிப் பாருங்கள்: 35 கிலோ! எரிவாயு வழியைவிட மூன்று மடங்குக்கும் மேல். காற்று, சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் எடுப்பதே பசுமை ஹைட்ரஜன். அதற்கு இந்திய அரசு 2023-இல் வகுத்த வரையறையோ, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கரியமில வாயு 2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் தரும் மின்சாரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, காற்றடங்கிய மாசி இரவில் ஆலையை ஓட்டினால் ஆண்டுக் கணக்கு நேராகிவிடும். ஆனால் அந்த இரவில் உண்மையில் எரிந்தது நிலக்கரி. ஐரோப்பிய ஒன்றியம் 2030 முதல் மணிக்கு மணி கணக்குக் கேட்பது இதனால்தான். அங்கே ஏற்றுமதி செய்ய நினைப்பவர்கள் இப்போதே அப்படித் திட்டமிடுவது நல்லது.

அடுத்த தவறு, மின்சாரமே நேராகச் செய்யக்கூடிய வேலைக்கு ஹைட்ரஜனை இழுப்பது. காற்றாலையின் 100 யூனிட்டை பேட்டரி காருக்குக் கொடுத்தால் 70-க்கு மேல் சக்கரத்தைச் சேரும். அதையே ஹைட்ரஜனாக்கி, அழுத்தி, ஏற்றிச் சென்று, எரிபொருள் கலத்தில் மறுபடி மின்சாரமாக்கினால் 30 தேறினாலே அதிகம். சமையலுக்கும் இதே கதைதான், மின் அடுப்பு போதும். அரும்பாடுபட்டுக் கிடைக்கும் காற்று மின்சாரத்தை இப்படி வீணடிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

ஹைட்ரஜன் இல்லாமல் முடியாத இடங்கள் வேறு. உரத்துக்கான அம்மோனியா, எண்ணெய் சுத்திகரிப்பு, இரும்புத் தாதுவை உருக்காக்கும் வேலை ஆகியவை அவை. ஸ்வீடனில் ஹைப்ரிட் (HYBRIT) என்ற உருக்குத் திட்டத்தினர் லூலியோ நகரில் நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து இரும்பெடுத்து, 2021-லேயே அதன் உருக்கை வோல்வோவுக்கு வழங்கினார்கள். கிடைக்கும் கொஞ்சம் பசுமை ஹைட்ரஜன் முதலில் போக வேண்டியது இத்தகைய வேலைகளுக்குத்தான்.

உரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. யூரியாவுக்கு அம்மோனியாவோடு கரியமில வாயுவும் தேவை. எரிவாயு ஆலையில் அது உடன்விளைபொருளாகக் கிடைத்துவிடுகிறது, பசுமை வழியில் கிடைக்காது. எனவே டிஏபி போன்ற, கரியமில வாயு தேவைப்படாத உரங்களில் தொடங்குவதே எளிது.

கசிவையும் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்றில் கலக்கும் ஹைட்ரஜன் மீத்தேனின் ஆயுளை நீட்டிப்பதால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 11 மடங்கு வெப்பத்தைக் கூட்டுகிறது. கசிவு கண்டறியும் கருவிகளுக்கான செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.